வீட்டு மேசையில் இணையத்தளம்: நாயாற்றுத் தாய்மாருக்கு ஒரு தொழில்வழி

முல்லைத்தீவு நகரிலிருந்து கொக்கிளாய்ப் பக்கமாகத் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றர் போனால் நாயாறு. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாலம். கடலும் களப்பும் ஆண்களின் நேரத்தை எடுத்துக்கொள்ள, பெண்கள் முற்றத்தில் கருவாடு காயவைக்கிறார்கள், வலை பொத்துகிறார்கள், இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறார்கள், தையல் மெசின் மிதிக்கிறார்கள். வீட்டிலிருந்து உழைப்பது இந்தக் கரைக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டிய விடயமல்ல. அந்த உழைப்பை வாங்குபவர் முல்லைத்தீவுச் சந்தைக்கு அப்பாலும் இருக்கலாம் என்பதுதான் புதிது.

கணினி படித்த பெண்கள் வன்னியில் இப்போது குறைவில்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் புலம்பெயர்ந்த தொழில்நுட்பர்களின் உதவியோடு கிளிநொச்சியில் வன்னிரெக் என்ற கணினிப் பயிற்சி நிறுவனம் இயங்கியது. போர் அதை அழித்தது. பின்னர் அதே மாவட்டத்தின் அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் வந்தது. 2016இல் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் வந்தது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இவற்றில் படித்தவர்களும், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் என்.வி.கியூ. சான்றிதழோடு வெளியேறியவர்களும் கலியாணம் முடித்துக் கரையோர ஊர்களுக்கு வந்து சேர்கிறார்கள். முதல் பிள்ளை பிறந்ததும் சான்றிதழ் அலுமாரிக்குள் போய்விடுகிறது. நாடு முழுவதும் இதே கதைதான். இலங்கையில் வேலைக்குச் செல்லும் வயதுடைய பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். ஆண்களிலோ பத்துக்கு ஏழு பேர். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை உண்டு, ஆனால் கைக்குழந்தையோடு இருக்கும் நாயாற்றுப் பெண் விடியற்காலை பஸ் ஏறி அங்கே போய்வர முடியாது.

இந்த இடைவெளிக்கு இணையத்தள வடிவமைப்பு நல்ல மருந்து என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லப்படுகிறது. வீட்டில் ஒரு மடிக்கணினி, ஒரு ரவுட்டர், வேலை எடுக்க உதவும் பைவர் என்ற இணையச் சந்தையில் ஒரு கணக்கு, இவ்வளவும் போதுமாம். இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி பெண்களை ஏமாற்றத்துக்குள் தள்ளுகிறது. தனியொருத்தியாக உலகச் சந்தையில் போய் நிற்பதைப் பயிற்றுநர்கள் விடுதலையாகக் காட்டுகிறார்கள். பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு அதுதான் மிகக் கடினமான வழி. இந்தத் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால், தாய்மார் வென்ற இடங்களில் எல்லாம் அவர்கள் கூட்டாக நின்றிருக்கிறார்கள்.

அந்த வரலாறு இணையத்துக்கு முன்பே தொடங்குகிறது. 1939இல் நாசிகளிடமிருந்து தப்புவிக்கப்பட்ட யூதப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வியன்னாவிலிருந்து புறப்பட்ட ரயிலில், 5 வயதுச் சிறுமி ஒருத்தி தன் அக்காவுடன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தாள். பிற்காலத்தில் ஸ்டெபனி ஷேர்லி என்று உலகம் அறிந்தவர் அவர். இலண்டன் டொலிஸ் ஹில்லிலிருந்த அஞ்சல்துறை ஆய்வு நிலையத்தில் கணினி வேலை பழகினார். பெண் என்பதால் மேலே போக முடியாத நிலை கண்டு, 1962இல் வெறும் 6 பவுண் முதலோடு தன் வீட்டிலேயே மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கலியாணத்தாலும் பிள்ளைப்பேற்றாலும் வேலையை விட்ட பெண் நிரலாளர்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். முதல் 300 பணியாளரில் 297 பேர் பெண்கள். தன் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராதபோது, கணவர் சொன்ன யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார். அதன் பிறகு கதவுகள் திறந்தன.

வேலை நடந்த விதம் கவனிக்கத்தக்கது. அந்தக் காலத்தில் வீட்டில் கணினி கிடையாது. பெண்கள் தாளிலும் பென்சிலாலும் நிரல் எழுதினார்கள், அதைத் துளையட்டையாக்கிக் கணினி உள்ள இடத்துக்கு அனுப்பினார்கள். வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசும்போது பிள்ளையின் அழுகை கேட்காதிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிந்த நாடாவை ஷேர்லி பின்னணியில் ஓடவிட்டார். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் இப்படித்தான் வீடுகளில் எழுதப்பட்டது. அந்த வேலையை முன்னின்று நடத்திய ஆன் மொஃபற், சமையலறை மேசையில் தாள்களோடும் அருகே கைக்குழந்தையோடும் இருக்கும் 1966ஆம் ஆண்டுப் படம் இன்றும் கிடைக்கிறது.

இந்தக் கதையை ஒரு பெண்ணின் துணிச்சலாக மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அதன் உள்ளே இருக்கும் ஏற்பாடு அதைவிடப் பெறுமதியானது. ஒரு திட்டத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் ஒருத்தியின் வீட்டில் முடியும்படி வகுத்தார்கள். எழுதும் முறைக்குப் பொதுவான தரவிதிகள் வைத்தார்கள். ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி அந்தத் துண்டை எடுத்து அதே ஒழுங்கில் தொடரலாம். வாடிக்கையாளர் பார்த்தது நிறுவனத்தை மட்டுமே. யாருடைய வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது அவருக்குத் தெரியவேண்டிய தேவை இருக்கவில்லை. 1963இல் பிறந்த ஷேர்லியின் மகனுக்கு ஓட்டிசம் இருந்தது. அந்தப் பராமரிப்பின் நடுவே நிறுவனம் வளர்ந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். பின்னர் அவர் நிறுவனத்தின் பங்குகளைப் பணியாளர்களுக்கே பகிர்ந்தார். 1996இல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. பணியாளர்களில் 70 பேர் கோடீஸ்வரர் ஆனார்கள். ஷேர்லி 2025 ஓகஸ்ட்டில் காலமானார்.

இலங்கையிலும் தொலைதூரக் கிராமம் ஒன்று இந்த வழியில் நடந்திருக்கிறது. அனுராதபுரம் மாவட்டத்தில், வில்பத்துக் காட்டை ஒட்டிய மகாவிளச்சியா போர்க்காலத்தில் எல்லைக் கிராமமாக அஞ்சியிருந்த ஊர். 1998இல் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் அங்கே ஹொரைசன் லங்கா என்ற பள்ளியைத் தொடங்கினார். விவசாயிகளின் பிள்ளைகள் தங்கள் சொந்த இணையப் பக்கங்களைத் தாங்களே உருவாக்கினார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை வேண்டும் என்றபோது, ஒன்ரைம் என்ற கிராமியச் சேவை நிறுவனம் எழுந்தது. கொழும்பின் ஜோன் கீல்ஸ் குழுமம் தன் அலுவலக வேலைகளில் ஒரு பகுதியை அங்கே அனுப்பியது. திறமை ஊரில் ஏற்கெனவே இருந்தது. அதைத் தொழிலாக மாற்றியது, மாதந்தோறும் வேலை தரச் சம்மதித்த ஒரு பெரிய வாடிக்கையாளர். இதே போல, கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பசிறீ என்ற பெண்கள் இயக்கத்தின் கணினிப் பெண்கள் குழுக்களுக்கு அரசு அலுவலகங்களே தரவுப்பதிவு வேலைகளைக் கொடுத்துக் கைதூக்கிவிட்டன.

இனி நாயாற்றுத் தாயின் ஒரு நாளைப் பார்ப்போம். விடிய 4 மணிக்கு எழும்பினால் பிள்ளைகள் எழும்பும் வரை ஒன்றரை மணி நேரம். முன்பள்ளிக்குப் போன பிள்ளை திரும்பி வரும் வரை மூன்று மணி நேரம், அதிலும் சமையல் இருக்கிறது. இரவு பிள்ளைகள் படுத்த பிறகு இன்னும் கொஞ்சம். நேரம் இருக்கிறது, ஆனால் எல்லாம் துண்டு துண்டாக. வாடிக்கையாளர் அனுப்பும் செய்திக்கு உடனே பதில் சொல்பவரைத்தான் பைவர், அப்வேர்க் போன்ற தளங்கள் முன்னே காட்டுகின்றன. பதில் சொல்லும் வேகமே அங்கே ஒரு மதிப்பெண். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள் அந்தப் போட்டியில் தொடக்கத்திலேயே பின்தங்குகிறாள். அவளோடு போட்டியிடுபவரோ டாக்காவிலோ மணிலாவிலோ இரவு பகலாகத் திரைக்கு முன்னால் இருக்கும் இளைஞர்.

பணமும் சேதாரமில்லாமல் வருவதில்லை. பைவர் தளம் ஒவ்வொரு வேலையிலும் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. 100 டொலர் வேலைக்கு 80 டொலர். வேலை முடிந்த பிறகும் அந்தப் பணத்தை எடுப்பதற்குப் பொதுவாக 14 நாள் காத்திருக்க வேண்டும். பேபால் என்ற இணையக் கொடுப்பனவுச் சேவை வழியாக இலங்கையிலிருந்து பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. அதனால் இங்குள்ளவர்கள் பயோனியரையோ வங்கிக்கு நேரடி அனுப்புதலையோ நம்பினார்கள், அங்கும் கட்டணங்கள் உண்டு.

வன்னியில் இந்த 14 நாளுக்கு வேறொரு பொருளும் இருக்கிறது. போருக்குப் பின் நுண்கடன் நிறுவனங்கள் ஊர் ஊராக வந்து பெண்களைக் குழுவாக இருத்திக் கடன் கொடுத்தன. தவணை வாராவாரம். கட்டமுடியாத பெண்களின் அவலம் பெருகி, 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்க வேண்டி வந்தது. வாரத்துக்கு ஒருமுறை வாசலில் வந்து நிற்கும் கடன், இரண்டு கிழமை கழித்து வரும் வருமானம், இரண்டையும் ஒரே வீட்டில் வைத்து எப்படிச் சமாளிப்பது? மடிக்கணினியைக் கடனுக்கு வாங்கித் தொழில் தொடங்கச் சொல்லும் எந்தத் திட்டமும் இந்தக் கேள்விக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். கூட்டாக ஒரு பொதுநிதி இருந்தால், பணம் வந்து சேரும் முன்பே உறுப்பினருக்கு ஒரு பகுதியைக் கொடுக்கலாம். தனியாளுக்கு அந்த வசதி கிடையாது.

மலிவான வேலைகளின் காலமும் முடிந்துவருகிறது. 2022 நவம்பரில் சற்ஜிபிரி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி வந்த பிறகு, வாடிக்கையாளர் நான்கு வரி எழுதினாலே மாதிரிப் பக்கம் ஒன்றைச் செய்துதரும் கருவிகள் பெருகிவிட்டன. 5 டொலருக்கு முகப்புப் பக்கம் என்ற விலையோடு இனி யாரும் பிழைக்க முடியாது. கருவியால் எளிதில் செய்ய முடியாத வேலை எது என்று பார்ப்பதே புத்தி. அப்படிப் பார்க்கும்போது வன்னிப் பெண்ணின் கையில் ஒரு வலுவான சாமான் இருக்கிறது: தமிழ்.

ஒரு தமிழ் இணையத்தளத்தைக் கைத்தொலைபேசியில் திறந்து உற்றுப் பாருங்கள். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கான இடைவெளியே விடப்பட்டிருந்தால், 'கீ', 'வீ' போன்ற எழுத்துகளின் தலைச்சுழி மேலே அறுந்து நிற்கும், 'கூ'வின் வால் கீழே வெட்டுப்படும். ஆங்கிலத்தில் ஏழு எழுத்துக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் 'தொடர்புகொள்ளுங்கள்' அடங்காது, இரண்டாக உடைந்து பாதி வெளியே தொங்கும். எழுத்துருக் கோப்பு பெரிதாக இருந்தால் அது வந்து சேரும்வரை எழுத்துகள் தெரியாமல் வெற்றிடமே நிற்கலாம். இவை ஒவ்வொன்றையும் திருத்துவதற்கு ஒருசில வரி நிரல் போதும். ஆனால் பிழையைப் பிழையென்று காண்பதற்குத் தமிழ் வாசிக்கும் கண் வேண்டும், கொழும்பிலோ பெங்களூரிலோ இருக்கும் பெரிய நிறுவனங்களில் அந்தக் கண் பெரும்பாலும் இருப்பதில்லை.

இன்னொரு வேலையும் காத்துக்கிடக்கிறது. இலங்கையில் கோயில் மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், சங்க அறிக்கை எல்லாம் நீண்ட காலம் ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அதை அப்படியே இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குழப்பம்தான் தெரியும். மாற்றிக் கருவியில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்தாலும் அங்கங்கே கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும், நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்கள் சிதைந்துவிடும். மனிதக் கண் வரிக்கு வரி பார்த்துத் திருத்த வேண்டும். இதை விடியற்காலை அரைமணி நேரத்திலும் செய்யலாம், நிறுத்திவிட்டு இரவில் தொடரலாம். துண்டு நேரத்துக்கென்றே அமைந்த வேலை.

இதற்கு யார் பணம் தருவார்கள்? முதலில் புலம்பெயர்ந்த உறவுகள். ரொறன்ரோவின் ஸ்கார்பரோவிலும் இலண்டனின் ஹரோவிலும் பாரிசிலும் பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம், கோயில், பலசரக்குக் கடை, கேற்றரிங், நகைக்கடை என்று தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தளம் தேவைப்படுவோர் ஏராளம். நேர வித்தியாசமும் இங்கே உதவுகிறது. கோடைகாலத்தில் நாயாற்றில் இரவு எட்டரை மணி என்றால் ரொறன்ரோவில் காலை 11 மணி. பிள்ளைகள் படுத்த பிறகு வாடிக்கையாளரோடு வட்ஸ்அப்பில் ஆறுதலாகப் பேசலாம்.

உறவுக்காரரிடம் வேலை எடுப்பதில் ஒரு சங்கடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. "தங்கச்சி, சும்மா ஒரு பக்கம்தானே, நேரம் கிடைக்கேக்க செய்து விடுங்கோ" என்று தொடங்கும் வேலை மூன்று மாதம் இழுபட்டு, கடைசியில் ஒரு நன்றியோடு முடிந்துபோகும். சித்தப்பாவிடம் எப்படி விலை கேட்பது என்ற கூச்சம் தனியாக நிற்கும் பெண்ணை மடக்கிவிடும். குழுவின் பெயரில் அச்சிட்ட விலைப்பட்டியலும், வேலை தொடங்குமுன் பாதிப் பணம் என்ற விதியும் இருந்தால், "சித்தப்பா, அது குழுவின்ரை முடிவு" என்று அவள் மரியாதை குறையாமல் சொல்லலாம்.

இரண்டாவது வாடிக்கையாளர் இங்கேயே இருக்கிறார். 13ஆம் திருத்தத்தின் வழியாக 1987இல் தமிழும் அரசகரும மொழி ஆயிற்று. 2010இல் '.இலங்கை' என்ற தமிழ் ஆள்களப் பெயரும் நாட்டுக்குக் கிடைத்தது. ஆனாலும் பல அரச தளங்களில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பழைய அறிவித்தலோ ஆங்கிலமோதான் எதிர்ப்படுகிறது. வன்னியின் பிரதேச சபைகள், கூட்டுறவுச் சங்கங்கள், கடற்றொழிலாளர் சங்கங்கள் தங்கள் தமிழ்ப் பக்கங்களின் பராமரிப்பை உள்ளூர்ப் பெண்கள் குழு ஒன்றிடம் கொடுத்தால், மகாவிளச்சியாவுக்குக் கிடைத்த அந்த நிலையான முதல் வாடிக்கையாளர் இங்கும் கிடைத்துவிடுவார்.

பராமரிப்பு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிய தளம் கட்டுவது ஒருமுறை வரும் பணம். உலகின் இணையத்தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் இயங்குகின்றன. அவற்றின் மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் ஊடுருவிகள் புகுந்துவிடுவார்கள். புதுப்பித்தல், காப்புப்பிரதி எடுத்தல், திகதி மாறிய அறிவித்தலை நீக்குதல், ஆள்களப் பெயருக்கான ஆண்டுக் கட்டணத்தை நினைவூட்டல் எல்லாம் மாதம் சில மணி நேர வேலை. பத்துத் தளங்களை இப்படிப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்கு மாதந்தோறும் நிச்சய வருமானம் உண்டு. கருவாட்டு விலை விழுந்த மாதத்திலும் அது வரும்.

கரையோரத்தின் கஷ்டங்களும் கணக்கில் சேர வேண்டும். மாரியில் காற்று அடித்தால் மின்சாரம் போகும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட இந்தக் கரையில்தான் ஏறியது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 ஜூலையில் ஸ்ரார்லிங்க் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்தது, ஆனால் அதன் கட்டணம் தனியொரு வீட்டுக்குப் பெரும் சுமை. ஆறு வீடுகள் பகிர்ந்தால், ஒரு சூரியமின் தகட்டோடும் மின்கலத்தோடும் ஒரு பொது அறையில் அதை வைக்கலாம்.

அந்த அறைக்காகப் புதுக் கட்டடம் தேட வேண்டியதில்லை. வன்னிக் கிராமங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இருக்கின்றன. கணக்குப் புத்தகம் எழுதவும், கூட்டம் கூடி முடிவெடுக்கவும், பொதுப் பணத்தைப் பங்கிடவும் அங்கே பெண்கள் பழகியிருக்கிறார்கள். இணையத்தளக் குழுவை அதன் ஓர் அங்கமாகத் தொடங்கலாம். ஆங்கிலம் நன்றாக வரும் ஒருத்தி வாடிக்கையாளரோடு பேசட்டும். நிரல் தெரிந்த இருவர் தளத்தைக் கட்டட்டும். தமிழில் பிழை பார்க்கக்கூடியவள், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளாக இருந்தாலும், பாமினிப் பக்கங்களைத் திருத்தட்டும். படம் எடுக்கத் தெரிந்தவள் படம் எடுக்கட்டும். பேச்சுக்கு 300 டொலர் வேலை ஒன்று வந்தால், 30 டொலரைப் பொதுநிதிக்கு ஒதுக்கி, மிச்சத்தைச் செய்த வேலையின் மணிக்கணக்கில் பிரிக்கலாம். பைவர் போன்ற இடைத்தளத்துக்குப் போகும் 20 சதவீதத்தில் பாதிதான் அந்தப் பொதுநிதிக்கு வேண்டியிருக்கிறது.

சட்டப் பாதுகாப்பு மட்டும் இன்னும் இல்லாமலே கிடக்கிறது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணுக்கு 84 நாள் மகப்பேற்று விடுமுறை சட்டத்தில் உண்டு. வீட்டிலிருந்து சொந்தமாகத் தொழில் செய்பவளுக்கு ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் தொழிலாளர் பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 177ஆம் இலக்க உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியாவின் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் அதன் நிறுவுநர் இலா பட்டும் அதற்காக நெடுங்காலம் போராடினார்கள். இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. ஏற்றாலும் முழுச் சுயாதீனமாக இயங்குவோர் அதன் வரையறைக்குள் வரமாட்டார்கள். வரி மட்டும் அவர்களைக் கண்டுபிடித்துவிட்டது. வெளிநாட்டவருக்குச் சேவை செய்து ஈட்டும் வருமானத்துக்கு இருந்த விலக்கு நீங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் உச்சமாக 15 சதவீத வரி வந்திருக்கிறது. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு விலக்கு இருப்பதால் தொடக்கத்தில் பெரும்பாலானோர் வரி கட்ட வேண்டி வராது. எனினும் முதல் நாளிலிருந்தே பற்றுச்சீட்டும் வங்கிக் கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும், வணிகப் பெயரும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத குழுவுக்குப் பிரதேச சபை காசோலை எழுதாது.

ஆகவே வன்னியில் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் அமைப்புகள் இன்னொரு ஆறுமாத வகுப்பை அறிவிக்கும் முன், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வேலையாகவே கொடுத்துப் பார்க்கட்டும். தங்கள் சொந்த அறிக்கைகளையும் தமிழ்ப் பக்கங்களையும் கரைதுறைப்பற்றிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கும் தாய்மார் குழு ஒன்றிடம் ஓராண்டு ஒப்பந்தமாக ஒப்படைக்கலாம். அந்த ஒப்பந்தத்தில் பிள்ளைகளின் பாடசாலை நேரத்தைக் கருதிய காலக்கெடுவும், தொடக்கத்தில் பாதி, ஒப்படைத்து 30 நாளுக்குள் மீதி என்ற கொடுப்பனவுத் திகதியும் எழுத்தில் இருக்க வேண்டும்.